ஒரே தண்ணீர், இரண்டு சர்க்கார்

பேரளத்திலிருந்து அம்பகரத்தூர் வழியாகக் காரைக்காலுக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு எந்த இடத்தில் முடிகிறது, புதுச்சேரிப் பிரதேசம் எந்த இடத்தில் ஆரம்பமாகிறது என்று வயலைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இந்தப் பக்கமும் நெல். அந்தப் பக்கமும் நெல். இந்தப் பக்கத்து வாய்க்காலில் தவம் செய்யும் கொக்கு நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கத்துக் கொக்காகிவிடுகிறது. வயல் சொல்லாத சேதியைச் சாலையோரத்து மதுக்கடைப் பலகைகள் சொல்லிவிடுகின்றன என்பது வேறு விஷயம். அவை நெருங்கி நெருங்கி வர ஆரம்பித்தால் எல்லை தாண்டியாயிற்று என்று பிரயாணிகள் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் எல்லையோரத்தில் நிலம் வைத்திருக்கும் குடியானவருக்கு இது வேடிக்கைப் பேச்சு அன்று. ஒரே காவேரியிலிருந்து பிரிந்து வந்த தண்ணீர், ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்த ஒரே விதை, வங்கக் கடலில் எழும் ஒரே புயல் என்று சகலமும் பொதுவாக இருக்க, சர்க்கார் ஒத்தாசை மட்டும் வரப்போடு நின்றுவிடுகிறது. நெல்லை விற்பதற்கு மேற்கே ஒரு வழி, கிழக்கே வேறு வழி. வெள்ள நிவாரணத்துக்கு அங்கே ஒரு கணக்கு, இங்கே ஒரு கணக்கு. பட்டணத்தில் இருந்துகொண்டு அரிசியை அரிசியாக மட்டுமே பார்க்கும் நம் போன்றவர்களுக்கு இது எளிதில் புலப்படுவதில்லை.

உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்களுக்கு எதையும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் மனம் சமாதானமாகும். ஆகையால், அண்ணன் தம்பி இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாகப் பிரிவினையில் அண்ணனுக்கு எல்லைக்கு மேற்கே ஒன்பது மா. தம்பிக்கு எல்லைக்குக் கிழக்கே ஒன்பது மா. மூன்று மா ஓர் ஏக்கர் என்பதைத் தஞ்சைச் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். ஆளுக்கு மூன்று ஏக்கர் ஆயிற்று. இருவரும் சமமான உழைப்பாளிகள். ஒரே நாளில் நாற்று விட்டு, ஒரே நாளில் நடுகிறவர்கள். இனி இந்த இரண்டு சகோதரர்களையும் நாம் பின்தொடர்ந்து போகலாம்.

அதற்கு முன்னால், இப்படி ஒரு எல்லை ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். காரைக்கால் என்றதும் நேயர்களில் பலருக்கு அம்மையாரின் நினைவு வரும். மற்றும் பலருக்குத் திருநள்ளாற்றுச் சனி பகவானின் நினைவு வரும். ஆனால் வரைபடத்தில் அந்த ஊர் ஒரு துண்டு நிலம். சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி இரண்டு லட்சம் பேர். மூன்று பக்கம் தமிழ்நாடு, நான்காவது பக்கம் சமுத்திரம். 1739-ஆம் வருஷத்தில் தஞ்சாவூர் மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பெற்றார்கள். அதிலிருந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல், சுற்றிலும் ஆங்கிலேயர் ஆண்ட நெல் வயல்களுக்கு நடுவே இது ஒரு பிரெஞ்சுத் திட்டாக இருந்தது.

அந்தக் காலத்தில் குடியானவருக்கும் கூலியாளுக்கும் சர்க்கார் செய்த பெரிய உபகாரம் என்னவென்றால், கப்பல்தான். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்ததும், ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. விளைச்சல் பொய்த்த தஞ்சைச் சீமைக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக எத்தனையோ குடும்பங்கள் காரைக்கால் துறையில் கப்பல் ஏறின. பயிர் போனால் ஊரை விட்டுப் போ என்பதே அன்றைய விவசாயக் கொள்கை.

1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் பாரதத்தோடு சேருவதற்கு ஆதரவு. 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல் நடந்தது. 1963-இல் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற நான்கு துண்டுகளும் சேர்ந்து சட்டசபையுடன் கூடிய யூனியன் பிரதேசமாயின. மாஹே மலையாளக் கரையில், ஏனாம் கோதாவரிக் கரையில். காரைக்காலின் தலைநகரான புதுச்சேரியோ வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில். நடுவில் முழுக்கத் தமிழ்நாடு. இங்கே இன்றும் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் பஞ்சாயத்து என்றே பெயர். பெயர் இருக்கட்டும், அழகாகவே இருக்கிறது. எல்லையும் அப்படியே நின்றுவிட்டது என்பதுதான் நமது விஷயம்.

நிற்க. முதலில் தண்ணீரைப் பார்ப்போம். மற்ற ஒத்தாசைகள் எல்லாம் பிறகுதான். ஆற்றில் தண்ணீர் விடுவதே டெல்டாக் குடியானவருக்குச் சர்க்கார் செய்யும் முதல் ஒத்தாசை.

1924-ஆம் வருஷம் சென்னை ராஜதானியும் மைசூர் சமஸ்தானமும் காவேரி நீரைப் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பலனாக ஒரு புறம் கண்ணம்பாடியும், மறு புறம் 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூரும் நிலைபெற்றன. இந்தப் பேச்சு வார்த்தையில் காரைக்காலுக்கு நாற்காலி கிடையாது. அது அன்னிய நாட்டு நிலம் அல்லவா? ஆனாலும் அரசலாறும், திருமலைராஜனாறும், நண்டலாறும், நாட்டாறும், வாஞ்சியாறும், நூலாறும் எந்த ஒப்பந்தத்தையும் வாசித்துப் பார்க்காமல் காரைக்கால் வழியாகவே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பழக்கத்தினால் வந்த தண்ணீருக்குக் காகிதத்தில் உரிமை கிடைக்க வெகு காலம் ஆயிற்று.

1990-இல் காவேரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் மாதம் அது இடைக்கால உத்தரவு போட்டபோது, மேட்டூருக்கு வருஷத்தில் 205 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும், அதிலிருந்து காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. தமிழ்நாடு கொடுக்க வேண்டும் என்று எழுதிற்று. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தபோது புதுச்சேரியின் பங்கு 7 டி.எம்.சி. ஆயிற்று. 2018 பிப்ரவரி 16-இல் சுப்ரீம் கோர்ட் கர்நாடகத்தின் பங்கையும் தமிழ்நாட்டின் பங்கையும் மாற்றி அமைத்தபோதும் இந்த 7-ஐத் தொடவில்லை. மொத்தம் 740 டி.எம்.சி.யில் 7 என்றால், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த அரை ஆழாக்குத்தான் காரைக்கால் வயல்களுக்கெல்லாம் உயிர்.

ஏட்டில் இருக்கும் 7 டி.எம்.சி. வயலுக்கு வருவது எப்படி? மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள் ஆகும். அங்கிருந்து பிரிந்து, கிளைத்து, மதகு மதகாக நின்று, மேல்மடைக்காரர்கள் எல்லோரும் பாய்ச்சிக்கொண்ட பிறகு, வாரக் கணக்கில் கழித்துத்தான் கடைமடைக்கு வரும். காரைக்கால் கடைமடைக்கும் கடைமடை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்: பாயசம் இருந்தால் உண்டு. வெள்ளக் காலத்திலோ இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. மேலே யாருக்கும் வேண்டாத தண்ணீர் அத்தனையும் இங்கேதான் வந்து சேர வேண்டும். கடல் பொங்கி முகத்துவாரத்தில் எதிர்த்து நின்றால் வயலிலேயே தேங்க வேண்டும்.

குறுவைக்கு மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரையில் எட்டு வருஷங்கள் அந்தத் தேதி தவறிப் போயிற்று. 2020-இல் மறுபடியும் முறைப்படி திறந்தார்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. 2025-இல் திரும்பவும் ஜூன் 12. திறப்பதும் மூடுவதும் தமிழ்நாட்டு அதிகாரிகள் கையில். ஆறு தூர் வாருவதில் எல்லைக்கு மேற்கே தமிழ்நாட்டு இலாகா, கிழக்கே புதுச்சேரி இலாகா. ஒரே வாய்க்காலில் ஒருவர் மே மாதம் தூர் வாரி, மற்றவர் ஜூலை மாதம் டெண்டர் கோரினால் தண்ணீர் என்ன செய்யும்? வாரிய இடம் வரையில் வந்து, வாராத இடத்தில் படுத்துக்கொள்ளும். அல்லது கரையை உடைத்துக்கொண்டு போகும். கடற்கரையோரக் கிராமங்களில் ஆழ்குழாய் இறக்கலாம் என்றால் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தம்பியினுடைய ஒன்பது மாவுக்கு ஆற்றுத் தண்ணீரைத் தவிர வேறு கதியில்லை. இந்த இரண்டு இலாகாக்களும் கோடையில் ஒரே வாரத்தில், ஒரே வாய்க்காலில் இறங்கி வேலை செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம். ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதம் சித்திரை மாதத்திலேயே எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தண்ணீர் வந்தது, பயிர் விளைந்தது, அறுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது அண்ணனும் தம்பியும் நெல்லை விற்க வேண்டும்.

இந்திய உணவுக் கழகம் 1965-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி தொடங்கியபோது, அதன் முதல் ஜில்லா ஆபீசைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள். தேசத்துக்கே சோறு போடும் ஏற்பாடு இந்த மண்ணில்தான் ஆரம்பமாயிற்று என்று டெல்டாக்காரர்கள் பெருமை கொள்ளலாம். 1972-இல் தமிழ்நாடு தனக்கென்று நுகர்பொருள் வாணிபக் கழகத்தை ஏற்படுத்திக்கொண்டது. 2002 முதல், உணவுக் கழகத்துக்காகத் தமிழ்நாடே நெல்லைக் கொள்முதல் செய்து, அரைத்து, தன் ரேஷன் கடைகளில் கொடுக்கும் முறை வந்தது. அறுவடை சமயத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் ஊருக்கு ஊர் முளைத்துவிடுகின்றன. அங்கே குறைகள் இல்லாமல் இல்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கையை நீட்டுகிறவர்கள் உண்டு. சாக்கு இல்லை, லாரி இல்லை என்று நாட்கணக்கில் நெல் மழையில் கிடப்பதும் உண்டு. இருந்தாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது, தட்டிப் பார்க்கலாம்.

2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் நெல்லுக்கு விதித்த ஆதார விலை, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். இதன் மேல் தமிழ்நாட்டு சர்க்கார் தன் பொக்கிஷத்திலிருந்து பொது ரகத்துக்கு 131 ரூபாயும், சன்ன ரகத்துக்கு 156 ரூபாயும் ஊக்கத் தொகையாகச் சேர்த்தது. ஆக, 2,500; 2,545. நாற்பது கிலோ சிப்பம் ஒன்றுக்குப் பொது ரகம் சரியாக ஆயிரம் ரூபாய். வீட்டில் கணக்குப் பார்க்கிற பெண்மணிகளுக்கும் நினைவு வைத்துக்கொள்ளச் சௌகரியமான தொகை.

அண்ணன் ஏக்கருக்கு 20 குவிண்டால் வீதம் மூன்று ஏக்கரில் 60 குவிண்டால் கண்டார் என்றால், ஊக்கத் தொகை மட்டும் 7,860 ரூபாய். தம்பியும் அதே 60 குவிண்டால் கண்டார். அவருக்கு இந்த 7,860 கிடையாது. அண்ணன் களத்தில் கொண்டுபோய்த் தம்பியும் நெல்லை அளக்கலாமே என்றால், அங்கே கிராம நிர்வாக அதிகாரி தரும் அடங்கல் வேண்டும், சிட்டா வேண்டும். தம்பியின் நிலம் தமிழ்நாட்டுக் கணக்கிலேயே இல்லை. நெல்லின் முகத்தில் எந்த ராஜ்யம் என்று எழுதியிருக்கவில்லைதான். ஆனால் காகிதத்தின் முகத்தில் எழுதியிருக்கிறது.

மத்திய சர்க்காரின் ஆதார விலை தம்பிக்கும் பொருந்துமே என்று கேட்கலாம். பொருந்தும், விலை இருக்கிறது, வாங்குகிறவர் யார் என்பதுதான் கேள்வி. இதில் ஒரு நுட்பமான சங்கதி உண்டு. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ஒரு பரீட்சை தொடங்கினார்கள். ரேஷன் அரிசிக்குப் பதிலாக, மத்திய உணவு மானியத்தை ரொக்கமாக ஜனங்களின் பாங்குக் கணக்கில் போடுவது என்பது அந்த ஏற்பாடு. பட்டணத்து அறிஞர்கள் இதை மெச்சிக்கொண்டார்கள். கசிவு இல்லை, களவு இல்லை என்றார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு சர்க்கார் நெல்லை வாங்குவது குடியானவரிடம் உள்ள பிரியத்தினால் மட்டும் அன்று. ரேஷன் கடைக்கு அரிசி வேண்டும் என்பதனாலும்தான். கடையில் அரிசியே போட வேண்டாம், பணம் போட்டால் போதும் என்று அப்போது ஆன பிரதேசத்தில், நெல் வாங்க வேண்டிய அவசரம் சர்க்காருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? உண்பவருக்குச் செய்த சீர்திருத்தம் விளைவிப்பவரின் கதவை அடைத்துவிட்டது. உணவுக் கழகம் தானே வந்து காரைக்காலில் நிலையம் திறந்தால் உண்டு. திறக்கத் தாமதமானால் வியாபாரி சொன்னதே விலை. ஈர நெல்லைக் களத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவரின் குரல் எத்தனை உரமாக இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஈரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கொள்முதலுக்கு நெல்லில் 17 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கக் கூடாது என்பது மத்திய விதி. பஞ்சாபில் காயும் வெயிலுக்கு இது சரி. குறுவை அறுக்கும் புரட்டாசி, ஐப்பசியில் காவேரிக் கரையில் வெயில் எங்கே? ஒவ்வொரு தடவையும் தளர்த்துங்கள் என்று மனுப் போட வேண்டும். டில்லியிலிருந்து நிபுணர்கள் வந்து மாதிரி எடுத்துப் போக வேண்டும். அதற்குள் களத்து நெல் முளை விட்டுவிடும். 2022-இல் 19 சதவிகிதம் வரையில் அனுமதித்தார்கள். ஐப்பசி மழை என்பது ஏதோ எதிர்பாராத விபத்து போல் வருஷா வருஷம் மனுப் போடச் சொல்வதன் தாத்பரியம் நமக்கு விளங்கவில்லை.

புதுச்சேரி சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். அது நியாயம் அன்று. நெல் சாகுபடிக்கு ஏக்கர் கணக்கில் உற்பத்தி மானியம் அங்கேயும் கொடுத்து வந்திருக்கிறார்கள். 1987 முதல் காரைக்காலிலேயே ஜவாஹர்லால் நேருவின் பெயரால் ஒரு விவசாயக் கல்லூரி நடக்கிறது. ஆனால் ஏக்கருக்குக் கொடுக்கும் மானியம் வேறு, குவிண்டாலுக்குக் கொடுக்கும் ஊக்கத் தொகை வேறு. முன்னது சர்க்கார் கஜானாவில் பணம் இருக்கும்போது வருகிறது. பின்னது நெல்லை அளந்த கையோடு, கடன்காரர் வாசலில் நிற்கும் அந்த வேளையில் வருகிறது. மேலும், ராஜ்யங்களுக்கு வரிப் பங்கு பிரித்துக் கொடுக்கும் நிதிக் கமிஷனின் பந்தியில் யூனியன் பிரதேசத்துக்கு இலை போடுவதில்லை. மத்திய சர்க்கார் பார்த்துக் கொடுக்கும் மானியத்தைக் கொண்டு காலக்ஷேபம் செய்ய வேண்டியிருக்கிறது. முப்பது தொகுதிகள் கொண்ட சட்டசபையில் காரைக்காலுக்கு ஐந்து. அந்த ஐவரும் எவ்வளவு உரக்கப் பேசினாலும் நெல்லைப் பற்றிய பேச்சு அங்கே சின்னப் பேச்சாகவே இருக்கும்.

தமிழ்நாட்டு வரிப் பணத்தைக் காரைக்காலுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் ஊர்க்காரர்கள் கேட்டால் அதுவும் நியாயமே. யாரும் அதைக் கேட்கவில்லை. ஆனால் எல்லை இருப்பதனாலேயே விலை இரண்டாக வேண்டும் என்பதில்லை. இதற்கு வெகு தூரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. காரைக்கால் சட்டப்படி பிரான்ஸை விட்டு விலகிய அதே 1962-ஆம் வருஷத்தில், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் என்ற ஆறு தேசங்கள் கூடிப் பொது விவசாயக் கொள்கை ஒன்றை வகுத்தன. 1967 முதல் தானியங்களுக்கு ஆறு தேசங்களிலும் ஒரே பொது விலை அமலுக்கு வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மேல் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்! அந்தக் கொள்கை பின்னால் அளவு மீறிப் போய், விற்காத வெண்ணெய் மலையாகக் குவிந்ததும் சரித்திரந்தான். அதை நாம் காப்பியடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு தேசத்து எல்லைக் காவலைத் தாண்டிக் கோதுமைக்கு ஒரு விலை வைக்க முடிந்ததென்றால், ஒரே தேசத்துக்குள் ஒரு வரப்பைத் தாண்டி நெல்லுக்கு ஒரு விலை வைக்க முடியாதா என்று தம்பி கேட்டால் என்ன பதில் சொல்வது?

புயல் மழைக்கு வருவோம். 2021 ஜனவரியில், சம்பாக் கதிர் முற்றி நின்ற சமயத்தில், பருவம் தவறிய மழை டெல்டா முழுவதையும் சாய்த்துவிட்டது. பேரிடர் நிதி விதிப்படி அப்போது நீர்ப் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய்தான். அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமாகியிருந்தால்தான். தமிழ்நாட்டு சர்க்கார் தன் கைப் பணத்தையும் சேர்த்து அதை 20,000 ஆக்கிற்று. 2023 பிப்ரவரியில் அறுவடைச் சமயத்து மழைக்கும் அதே 20,000 கொடுத்தது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவு சங்கங்களில் சுமார் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாயையும் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. இவை யாவும் அண்ணனுக்கு. தம்பிக்கு என்ன தொகை, எப்போது என்பதைப் புதுச்சேரி தனியே யோசித்து, தனியே கோப்பு எழுதி, தனியே நிதி தேட வேண்டும். இரண்டு வயலிலும் தண்ணீர் ஒரே நாளில்தான் ஏறிற்று.

நிலத்தைப் பாதுகாக்கும் சட்டத்திலும் இந்தக் கதைதான். 2020-இல் தமிழ்நாடு காவேரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட விசேஷ விவசாய மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. ராஜ்யச் சட்டம் ராஜ்ய எல்லையோடு நிற்கும். அந்த மண்டலத்தின் படத்தை எழுதினால் கடலோரத்தில் காரைக்கால் அளவுக்கு ஓர் ஓட்டை விழுகிறது.

எல்லையைப் பாராட்டாத ஒத்தாசையே இல்லையா என்றால், உண்டு. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரியின் கிஸான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்று போலவே வருகிறது. ஆனால் நிலம் தம் பெயரில் இருக்க வேண்டும். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் மிராசுதார் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர்கள் நிறைந்த சீமை இது. சேற்றில் இறங்குகிறவருக்கு இல்லாத பணம், பட்டணத்தில் உட்கார்ந்து பட்டாவை மட்டும் பெட்டியில் வைத்திருப்பவருக்குப் போய்ச் சேரக் கூடும். இந்த ஒரு விஷயத்தில் எல்லைக்கு இரு புறமும் சமத்துவம் நிலவுகிறது.

கடைசியாகப் பயிர் இன்ஷ்யூரன்ஸ். 2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தானியப் பயிருக்குக் குடியானவரின் பங்கு குறுவைப் பருவத்தில் காப்புத் தொகையில் 2 சதவிகிதம், பின் பருவத்தில் ஒன்றரை சதவிகிதம். மிச்சத்தை இரண்டு சர்க்கார்களும் கட்டுகின்றன. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. நஷ்டத்தைக் கணக்கிடும் விதத்தில்தான் சூட்சுமம். ஒவ்வொருவர் வயலையும் பார்த்துக் கொடுப்பதில்லை. ஒரு கிராமத்திலோ பிர்க்காவிலோ குறிப்பிட்ட சில வயல்களில் சோதனை அறுவடை செய்து சராசரி எடுக்கிறார்கள். கடந்த ஏழு வருஷத்தில் சிறந்த ஐந்து வருஷங்களின் சராசரியை வைத்து ஒரு வரம்பு கட்டுகிறார்கள். ஊர்ச் சராசரி அந்த வரம்புக்குக் கீழே போனால்தான் பணம். மேட்டு வயல்காரருக்கு நன்றாக விளைந்து, பள்ளத்து வயல்காரருக்கு முழுவதும் அழுகிப்போனால், சராசரி தப்பிவிடும். பள்ளத்துக்காரர் தப்ப மாட்டார். வகுப்பில் ஒரு பிள்ளை நூறு மார்க்கும் ஒரு பிள்ளை பூஜ்யமும் வாங்கினால் இருவருக்கும் ஐம்பது என்று சொல்லி இருவரையும் தேர்ச்சி பெறச் செய்வோமானால், பெற்றோர்கள் நம்மைச் சும்மா விடுவார்களா?

இதற்குப் பரிகாரமாகவே, ஆலங்கட்டி மழை, நிலச் சரிவு போன்ற இடம் குறித்த சேதங்களுக்குத் தனித் தனி வயலாகப் பார்த்துக் கொடுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. நெல் வயல் மூழ்குவதும் ஆதியில் அதில் இருந்தது. 2018-இல் அதை நீக்கிவிட்டார்கள். நெல் தண்ணீரிலேயே வளர்வதுதானே, மூழ்கிய பயிரில் சேதம் எவ்வளவு என்று எப்படி அளப்பது என்பது போன்ற சங்கடங்கள். கடைமடைக்காரருக்குப் பெரும் பயம் எதுவோ, அதையே சரியாக நீக்கிவிட்டார்கள். அந்த வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் இந்தக் கரையில் ஏறிற்று. 2020 நவம்பரில் நிவர் வந்தது. 2021 ஜனவரி மழையைத்தான் மேலே சொன்னோம்.

ஏழு வருஷங்கள் கழித்து, 2025 நவம்பரில் மத்திய விவசாய இலாகா, நெற்பயிர் மூழ்குவதை மறுபடியும் இடம் குறித்த சேதங்களில் சேர்ப்பதாகவும், 2026-ஆம் வருஷத்துக் காரிஃப் பருவம், அதாவது நம் குறுவைப் பருவம் முதல் அது அமலுக்கு வரும் என்றும் அறிவித்தது. காரைக்கால் பள்ளத்து வயல்காரருக்கு இதை விடப் பெரிய சேதி சமீபத்தில் வேறு இல்லை. ஆனால் பயிர் மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். வெள்ளத்தில் மின்சாரம் போய், சாலை துண்டித்து, வீட்டுக்குள்ளே தண்ணீர் நிற்கும் போது அந்த 72 மணி நேரம் எப்படிக் கழியும் என்பதை ஐப்பசி, கார்த்திகையில் அங்கே இருந்தவர்கள் அறிவார்கள். ஆகையால் தகவல் கொடுக்கும் முறையைக் கொம்யூன் தோறும் ஆடி மாதத்துக்குள்ளாகவே சொல்லிக் கொடுத்துவிடுவது உத்தமம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூலமாகவே சொல்லி அனுப்பலாம். அதற்கும் முந்திய காரியம் ஒன்று இருக்கிறது. இத்தகைய கூடுதல் சேதங்களை இன்ன பயிருக்கு, இன்ன பருவத்தில் சேர்ப்பது என்று அந்தந்தப் பிரதேச சர்க்கார் பருவம் தொடங்குமுன் தன் அறிவிக்கையில் எழுத வேண்டும். அண்ணனுக்கான அறிவிக்கை சென்னையில் எழுதப்படும். தம்பிக்கானது புதுச்சேரியில்.